டெல்டாவிலிருந்து விமான, விண்வெளி அருங்காட்சியகம் போய்வர: படிப்படியான முழு வழிகாட்டி

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை பக்கத்திலிருந்து பிள்ளைகளை விமான அருங்காட்சியகத்துக்கோ ராக்கெட் அருங்காட்சியகத்துக்கோ கூட்டிப்போக நினைக்கும் பெற்றோர், ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளிப் பிள்ளைகளோடு போய்வந்ததில் தெரிந்துகொண்டதும், புதிதாகப் போகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்ததும் இதில் இருக்கின்றன.

பெரும்பாலானோர் முதலில் ரயில் டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். பிறகு தங்க இடம் தேடுகிறார்கள். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்பதை வாசலில் நின்றுதான் யோசிக்கிறார்கள். அதனால் ஒரு ராத்திரி முழுக்கப் பயணம் செய்து போன பிள்ளை, நாற்பது நிமிடத்தில் எல்லாவற்றையும் ஓடிப் பார்த்துவிட்டு “அடுத்து எங்க?” என்று கேட்கிறது. கீழே சொல்லும் வரிசையில் வேலையைச் செய்தால் அதே இடத்தில் அரை நாள் போதாது.

1. விமானமா, ராக்கெட்டா? இதை முதலில் முடிவு செய்யுங்கள்

டெல்டாவிலிருந்து ஓர் இரவிலோ ஒரு பகலிலோ போய்ச் சேரக்கூடிய இடங்கள் மூன்று.

விமானம் பார்க்க வேண்டுமென்றால் பெங்களூரு. பழைய விமான நிலையச் சாலையில், விமானம் தயாரிக்கும் எச்.ஏ.எல். நிறுவனத்தின் பாரம்பரிய மையமும் விண்வெளி அருங்காட்சியகமும் இருக்கின்றன. 2001-இல் திறந்தது. நிஜ விமானங்கள் திறந்தவெளியில் நிற்கும், கிட்டப் போய்ப் பார்க்கலாம். உள்ளே, குறுக்காக வெட்டிய என்ஜின்களுக்கென்றே ஒரு கூடம் உண்டு.

ராக்கெட் பார்க்க வேண்டுமென்றால் திருவனந்தபுரம் அருகே தும்பா. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் அருங்காட்சியகம் அங்கே பழைய மரிய மதலேனாள் தேவாலயக் கட்டடத்தில் இருக்கிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது அந்தக் கடற்கரையிலிருந்துதான்.

ராக்கெட் கிளம்புவதையே கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஸ்ரீஹரிகோட்டாவில் 2019-இல் திறந்த பார்வையாளர் மாடம். சென்னை வழியாகச் சூலூர்ப்பேட்டை போய், அங்கிருந்து போக வேண்டும். இஸ்ரோ இணையதளத்தில் முன்பதிவு அவசியம். ஆனால் ஏவுதல் எந்த நேரமும் தள்ளிப்போகலாம். காற்று, மழை, ஒரு வால்வு என்று எந்தக் காரணத்துக்காகவும் இறங்குமுக எண்ணிக்கையை நிறுத்துவார்கள். விடுமுறைக் கணக்கு, திரும்பும் டிக்கெட் என்று கட்டுப்பட்டு வருகிற பள்ளிக் குழுவுக்கு இது சரிப்படாது. சென்னையில் உறவினர் வீட்டில் இரண்டு மூன்று நாள் தங்க முடிகிற குடும்பத்துக்குச் சரி.

என் கருத்து இது: ஐந்தாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்குப் பெங்களூரு. கண்ணெதிரே நிற்கிற பெரிய பொருளைச் சுற்றிவந்து பார்ப்பதுதான் அந்த வயதுக்கு ஒட்டும். எட்டாம் வகுப்புக்கு மேல் தும்பாவும் பொருந்தும். அங்கே மாதிரிகளும் விளக்கப் படங்களும் அதிகம் என்பதால் படித்துப் புரிந்துகொள்ளும் பொறுமை வேண்டும்.

இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். ரயிலிலேயே பாதி நேரம் போய்விடும். இந்த வழிகாட்டி பெரும்பாலும் பெங்களூருவை வைத்துத்தான் போகிறது. தும்பாவுக்கு என்ன மாற்ற வேண்டும் என்பது 10-ஆம் படியில்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நம் பக்கத்தில் நாட்காட்டியைவிட வயல்தான் தேதி குறிக்கிறது. காலாண்டு விடுமுறை நன்றாகத் தோன்றும், ஆனால் அது குறுவை அறுவடையும் சம்பா நடவும் ஒன்றாக நெருக்குகிற நேரம். வீட்டில் ஒருவரும் கூட வர முடியாது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. நாகை, திருவாரூர், மயிலாடுதுறையில் புயல் எச்சரிக்கை வந்தால் பள்ளி விடுமுறையோடு ரயிலும் மாறும். இரண்டு மாதம் முன்பே போட்ட திட்டம் ஒரே இரவில் கலைந்துவிடும்.

சம்பா அறுவடை முடிந்து, நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய், கையில் பணம் வந்த பிறகு பிப்ரவரி கடைசி வாரங்கள் நல்லது. பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது தேர்வுக் காலம். அவர்களை மே மாதத்தில் அழைத்துப் போகலாம். பெங்களூருவில் மே மாத வெயில் நம் ஊரைவிடத் தணிந்திருக்கும். மாலையில் இடிமழை வரும், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரியில் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டின் பிப்ரவரியில், பெங்களூருவை ஒட்டிய எலகங்காவில் ஏரோ இந்தியா கண்காட்சி நடக்கும். அந்த வாரத்தில் தங்கும் அறைகள் கிடைப்பது கஷ்டம்.

3. டிக்கெட்டுக்கு முன் அருங்காட்சியகத்தைக் கேளுங்கள்

திறக்கும் நாள், நேரம், வார விடுமுறை, குழுவுக்கு முன் அனுமதி வேண்டுமா, கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா, பை உள்ளே விடுவார்களா. இவை எல்லாவற்றையும் அதிகாரப்பூர்வத் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். யாரோ பழைய பயணக் குறிப்பில் எழுதிய நேரத்தை நம்பாதீர்கள். இவை பாதுகாப்புத் துறை, விண்வெளித் துறை வளாகங்களை ஒட்டிய இடங்கள். அங்கே விதி மாறினால் ஊருக்கெல்லாம் தெரியும்படி மாறாது.

கர்நாடகத்தின் விடுமுறை நாட்களையும் பாருங்கள். நவம்பர் 1 ராஜ்யோத்சவம் போன்றவை தமிழ்நாட்டு நாட்காட்டியில் நம் கண்ணில் படாது.

இருபது பேருக்கு மேல் போனால் பள்ளியின் பெயரில் கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதி, எத்தனை பேர், எந்த வகுப்பு, எத்தனை ஆசிரியர் என்பது இருந்தால் போதும். கடைசி வரியில், என்ஜின் கூடத்தை விளக்கிச் சொல்ல ஒருவர் கிடைப்பாரா என்று கேளுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தானாக வந்து விளக்க மாட்டார்கள். பள்ளிச் சுற்றுலா என்றால் கல்வித் துறை அனுமதியும் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் இதே கட்டத்தில் தொடங்க வேண்டும். வேறு மாநிலம் என்பதால் கடைசி வாரத்தில் ஓடினால் நடக்காது.

4. இப்போது ரயில்

முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாக மாலையில் போகும் மைசூர் வண்டியில் ஏறினால் விடிகாலையில் பெங்களூரு. திரும்புவதற்கும் அதே வண்டி மாலையில் இருக்கிறது. ஒரு பகல் முழுதும் கையில் கிடைக்கும், தங்கும் செலவு இல்லை.

போகும் டிக்கெட் எடுக்கிற அன்றே திரும்பும் டிக்கெட்டையும் எடுக்க முடியாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மறுநாள் பயணம் என்றால் அதன் முன்பதிவு மறுநாள்தான் திறக்கும். இரண்டு நாளும் காலையில் எட்டு மணிக்கு ஒருவர் தயாராக இருக்க வேண்டும். குழுவாகப் போகிறவர்கள் தட்கலை நம்பவே கூடாது. ஒரே டிக்கெட்டில் நான்கு பேருக்குத்தான் இடம் தருவார்கள்.

மாணவர் கல்விச் சுற்றுலாவுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதை வாங்கத் தலைமையாசிரியரின் சான்றோடு ரயில் நிலைய முன்பதிவு அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். எந்த வகுப்புக்கு எவ்வளவு என்பதை அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

5. முதலில் திருச்சிக் கோளரங்கம்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். திருச்சியில் புதுக்கோட்டைச் சாலையில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் இருக்கிறது. காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்பலாம். தமிழிலேயே காட்சி உண்டு.

பெரிய பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு இங்கே போய்வாருங்கள். காரணம் இரண்டு. ஒன்று, எந்தப் பிள்ளை எதைக் கேட்கிறது என்று தெரிந்துவிடும். ஒருத்தி கோளைக் கேட்பாள், ஒருவன் ராக்கெட் ஏன் நேராகப் போகிறது என்று கேட்பான், இன்னொருவன் தலைக்கு மேல் இறங்குகிற விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். அடுத்த படியில் அவரவருக்கு எந்தப் பொருளைக் கொடுப்பது என்று அப்போது முடிவு செய்யலாம். இரண்டு, குழுவாக நடப்பது, வரிசையில் நிற்பது, தண்ணீர் பாட்டிலைத் தொலைக்காமல் இருப்பது எல்லாவற்றுக்கும் இது ஒத்திகை. யார் பேருந்தில் வாந்தி எடுப்பார் என்பதும் தெரிந்துவிடும்.

6. ஐந்து பொருளுக்கு மேல் வேண்டாம்

பயணம் வெற்றியா தோல்வியா என்பது இந்தப் படியில்தான் முடிவாகிறது. அருங்காட்சியகத்தில் நூற்றுக்கணக்கான படங்களும் பொருட்களும் இருக்கும். எல்லாவற்றையும் பார்த்தவருக்கு ஒன்றும் நினைவில் நிற்காது. ஐந்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கேள்வி. விடையை வீட்டில் சொல்லாதீர்கள், அங்கே போய்க் கண்டுபிடிக்கட்டும்.

விளக்கப் பலகைகள் தமிழில் இருக்காது. அதனால் ஒரு பக்கத் தாள் தயார் செய்யுங்கள்: ஐந்து படம், ஐந்து கேள்வி, பாகங்களின் பெயர் தமிழில். பிள்ளை பலகையைத் தேடாமல் விமானத்தைத் தேடும்.

நான் பெங்களூருவுக்குப் பயன்படுத்தும் தாள் இப்படி இருக்கும். காட்சிப் பொருட்களைச் சில சமயம் இடம் மாற்றுவார்கள், பழுதுபார்க்க எடுத்துப் போவார்கள். அதனால் கூடுதலாக ஒன்றிரண்டு கையில் வைத்திருங்கள்.

*வெட்டிய ஜெட் என்ஜின்.* கேள்வி: முன்னால் இருக்கும் சக்கரத்தைச் சுற்றுவது யார்? இதைப் புரியவைக்க நம் ஊரில் பம்புசெட் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் இறைக்கும் டீசல் என்ஜினில் காற்றை இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, புகையைத் தள்ளுவது நான்கும் ஒரே சிலிண்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். ஜெட்டில் அதே நான்கு வேலையும் முன்னிருந்து பின்வரை நான்கு இடங்களில் ஒரே சமயத்தில் இடைவிடாமல் நடக்கிறது. வெட்டிவைத்த என்ஜின் மோட்டாரில் மெதுவாகச் சுற்றும். பிள்ளையைப் பக்கவாட்டில் நிறுத்தி, பின்னால் இருக்கும் டர்பைன் சக்கரத்திலிருந்து நடுத்தண்டைக் கண்ணாலேயே தொடர்ந்து முன்னால் வரச் சொல்லுங்கள். சூடான வாயு பின்சக்கரத்தைத் தள்ள, அதே தண்டு முன்சக்கரத்தைச் சுற்றுகிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். பிறகு முன்னால் உள்ள தகடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் வரிசையில் நீளமாக இருப்பவை உள்ளே போகப் போகக் குட்டையாகிக்கொண்டே வரும். காற்று அழுந்த அழுந்தக் குறைந்த இடமே அதற்குப் போதும் என்பதால் வழியும் குறுகுகிறது. இந்த ஒன்றைப் பார்க்கவே அரை மணி நேரம் கொடுக்கலாம்.

*அஜீத், மருத்.* இரண்டும் எச்.ஏ.எல். தயாரித்த போர் விமானங்கள். கேள்வி: வாலில் எத்தனை வாய்? அஜீத்தில் ஒன்று, மருத்தில் இரண்டு. இரண்டிலும் இருந்தது ஆர்ஃபியஸ் என்ற என்ஜின்தான். சின்ன அஜீத்துக்கு ஒன்று போதும், மருத்துக்கு இரண்டு வேண்டியிருந்தது. மருத் 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்தது, வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஜெர்மானியரான குர்ட் டாங்க். ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்துக்குத் திட்டமிட்ட உடல் அது. அதற்குத் தேவையான வலுவில் என்ஜின் கிடைக்காததால் அந்த வேகத்தை எட்டவே இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் இதைச் சொன்னால், “அப்ப உடம்பு ரெடி, இதயம் ரெடியாவல, அப்படியா சார்?” என்று கேட்கும். அந்தக் கேள்வியோடு என்ஜின் கூடத்துக்கு அனுப்புங்கள், அங்கே ஆர்ஃபியஸைத் தேடுவார்கள்.

*மிக்-21 போர் விமானம்.* கேள்வி: காற்று எந்த வழியாக உள்ளே போகிறது? மூக்கு வழியாக. நடுவில் ஒரு கூம்பு இருக்கும். மருத்தில் அதே கூம்பு பாதியாக, இரண்டு பக்கமும் விமானியின் இருக்கையை ஒட்டி இருக்கும். மூக்கே காற்று வழி என்றால் ராடார் வைக்க இடம் எங்கே? அந்தக் கூம்புக்குள்தான். ஆகவே ராடார் சின்னதாகத்தான் இருக்க முடியும். 1963 முதல் விமானப்படையில் இருந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26-இல் விடைபெற்றது. இனி அதை இப்படி நிற்கும் நிலையில்தான் பார்க்க முடியும்.

*லக்‌ஷ்யா.* கேள்வி: ஓட்டுபவர் எங்கே உட்காருவார்? சின்னப் பிள்ளைகள் ஜன்னலைத் தேடிச் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஆளே கிடையாது. மற்ற விமானங்களும் ஏவுகணைகளும் குறிபார்த்துப் பழக உதவும் விமானம் இது. சக்கரமும் இல்லை என்பதைக் கவனிக்கச் செய்யுங்கள். ராக்கெட் தள்ளிவிட மேலே கிளம்பும், பாராசூட்டில் இறங்கும். சக்கரம் இல்லாமல் எப்படி இறங்கும் என்று அவர்களே கேட்கும்வரை விடையைச் சொல்லாதீர்கள்.

*பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் வெப்பக் கவசம் அல்லது மாதிரி.* கேள்வி: செயற்கைக்கோள் எங்கே இருக்கும்? மேலே உள்ள கூம்புக்குள். காற்றின் உராய்விலிருந்து காப்பாற்றும் மூடி அது. காற்று அடர்ந்த பகுதியைத் தாண்டியதும் இரண்டாகப் பிளந்து கழன்றுவிடும். அதற்கு மேல் அதைத் தூக்கிச் சுமப்பது வீண் எடை.

சுகோய் போர் விமானம் பற்றி நம் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். 2020 ஜனவரியில் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் சுகோய்-30 அணி அமைந்ததிலிருந்து வல்லம், திருவையாறு பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் பழக்கம். “நம்ம ஊர் மேல போறதுக்கு எத்தனை என்ஜின்?” என்பதையே ஆறாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். விடை இரண்டு. ஆனால் தஞ்சாவூர்த் தளத்தின் பக்கம் போய்ப் படமெடுக்கும் யோசனையை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

7. பெரிய கோயிலில் வைத்து அளவு காட்டுங்கள்

44 மீட்டர் என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் தோன்றாது. பி.எஸ்.எல்.வி.யின் உயரம் அதுதான், ஏறத்தாழ 144 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் ஏறத்தாழ 216 அடி. ஆக, ராக்கெட்டை அந்தக் கோயில் விமானத்தின் அருகே நிறுத்தினால் மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் பிரகாரத்தில் நின்று, “இந்த இடம்வரை வரும்” என்று கையால் காட்டுங்கள். கழுத்தை அண்ணாந்து பார்த்த உயரம் மறக்காது.

அடுத்து எடை. பி.எஸ்.எல்.வி. சுமார் 320 டன். இந்தியாவின் இன்னொரு ராக்கெட்டான எல்.வி.எம்.3 ஏறத்தாழ அதே உயரம், 43.5 மீட்டர், ஆனால் எடை 640 டன். உயரம் ஒன்று, எடை இரட்டிப்பு எப்படி? படத்தைப் பார்த்தால் பருமனும் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் பெரிய உந்துகலங்களும் பதில் சொல்லும்.

வேகத்தையும் நம் ஊர்த் தூரத்தில் சொல்லுங்கள். பூமியைத் தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் போகிறது. தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு ஏழெட்டு நொடி. இதைச் சொல்லிவிட்டால், மேலே போவதற்கும் சுற்றிவருவதற்கும் உள்ள வித்தியாசம் பாதி புரிந்துவிடும்.

8. பையில் என்ன

ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை: பெரியவர்களுக்கு ஆதார், பிள்ளைகளுக்குப் பள்ளி அட்டை, கூடவே ஆதார் நகல். குழுத்தலைவரின் பையில் மொத்தமாக வைக்காதீர்கள். அவர் பின்தங்கினால் எல்லோரும் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

சின்னப் பை மட்டும். பெரிய மூட்டையை ரயில் நிலையத்தின் பொருள் வைப்பறையில் விட்டுவிடுங்கள். அங்கே பூட்டுப் போட்ட பையைத்தான் எடுப்பார்கள் என்பதால் சின்னப் பூட்டு ஒன்று வேண்டும்.

இரவுச் சாப்பாட்டுக்குப் புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. மறுநாள் மதியத்துக்கு வீட்டுச் சோறு எடுத்துப் போக வேண்டாம், பெங்களூருவில் வாங்கிக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு பென்சில், அட்டை வைத்த தாள். பேனாவைவிடப் பென்சில் நல்லது, படம் வரைந்து அழிக்க வேண்டியிருக்கும்.

9. பெங்களூருவில் அந்த ஒரு நாள்

விடிகாலை இறங்கியதும் ரயில் நிலையத்திலேயே குளித்து, காலைச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். பசியோடு உள்ளே போன பிள்ளை எதையும் பார்க்காது.

ஆட்டோக்காரரிடம் “ஏர்போர்ட்” என்ற சொல்லைத் தனியாகச் சொல்லாதீர்கள். புதிய விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில், வெகு தூரத்தில் இருக்கிறது. 2008-இல் பயணிகள் விமானம் எல்லாம் அங்கே போய்விட்டது. நீங்கள் போக வேண்டியது “ஓல்டு ஏர்போர்ட் ரோடு, எச்.ஏ.எல். மியூசியம்”. இதை முழுதாகச் சொல்லுங்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மெஜஸ்டிக் பேருந்து நிலையத்திலிருந்து தொம்மலூர் வழியாக மாரத்தஹள்ளி போகும் நகரப் பேருந்துகளும் அந்தச் சாலையில்தான் போகின்றன. குழுவாக இருந்தால் பேருந்துதான் மேல். நாலைந்து ஆட்டோவில் பிரிந்து போனால் ஒன்று சேர்வதற்கே ஒரு மணி நேரம் ஆகும்.

திறக்கும் நேரத்துக்கே வாசலில் இருங்கள். உள்ளே போனதும் எதிரில் இருப்பதிலிருந்து தொடங்குவதுதான் எல்லோருக்கும் வழக்கம். புகைப்படக் கூடத்தில் பத்தாண்டு பத்தாண்டாகச் சுவரெல்லாம் படங்கள். சின்னப் பிள்ளைகள் அங்கேயே சோர்ந்துவிடுவார்கள். இந்த வரிசையில் போங்கள்:

முதலில் வெளியே நிற்கும் விமானங்கள். காலை வெயில் இதமாக இருக்கும், கூட்டமும் குறைவு. ஒவ்வொரு விமானத்தையும் மூக்கிலிருந்து வால்வரை ஒரு முழுச் சுற்று நடந்த பிறகுதான் படம் எடுக்கலாம் என்று விதி வையுங்கள். செல்பேசியை முதலில் நீட்டுகிறவர்கள் இறக்கையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. சக்கரம் மடங்கி உள்ளே போகும் பள்ளமும், எரிபொருள் தொட்டி தொங்கும் கொக்கியும் அங்கேதான் இருக்கின்றன. கிட்டப் போய் ஆணித்தலைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். வேகமாகப் போகும் விமானத்தின் தோலில் அவை துருத்தாமல் தகட்டோடு தகடாக அமுங்கியிருக்கும். துருத்தினால் காற்று தடுக்கும்.

வெயில் ஏறியதும் என்ஜின் கூடம். தாளில் உள்ள கேள்வியை இங்கே அவசரப்படாமல் முடியுங்கள். வெளியே பார்த்த இரண்டு வாய் மருத் இன்னும் நினைவில் இருக்கும்போதே ஆர்ஃபியஸைத் தேடினால்தான் இரண்டும் ஒட்டும்.

அதன் பிறகு விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் மாதிரி. அங்கிருந்து பக்கத்து ஓடுதளத்தைப் பார்க்கலாம். பயணிகள் விமானம் போய்விட்டாலும் சோதனைப் பறப்புகளுக்கும் படை விமானங்களுக்கும் அந்த ஓடுதளம் இன்னும் பயன்படுகிறது. ஏதாவது கிளம்புமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். ஓடுதளத்தை நோக்கிக் கேமராவைத் திருப்பும் முன் அங்குள்ள ஊழியரைக் கேளுங்கள்.

விமானம் ஓட்டுவதுபோல உட்கார்ந்து பார்க்கும் சிமுலேட்டரை நடுவில் வைக்காதீர்கள். அதில் ஏறி இறங்கிய பிள்ளைக்கு வேறெதுவும் கண்ணில் படாது. கடைசியில் வையுங்கள். அதற்கு வரிசையில் நிற்கும்போது, நின்றுகொண்டே புகைப்படக் கூடத்தைப் பெரியவர்கள் பார்த்துவிடலாம்.

நேரம் மிஞ்சினால் கஸ்தூர்பா சாலையில் உள்ள விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம். 1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தின் முழு அளவு மாதிரி அங்கே இருக்கிறது. வெளியே ஒரு மருத்தும் நிற்கிறது. காலையில் பார்த்ததை வைத்து, “இதுக்கு எத்தனை வாய்?” என்று கேளுங்கள். ஆனால் மாலை வண்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பே ரயில் நிலையம் திரும்பிவிட வேண்டும். பெங்களூருவின் மாலைப் போக்குவரத்தில் பத்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

10. தும்பா என்றால் மாற்ற வேண்டியவை

திருச்சியிலிருந்து மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரத்துக்குப் பகல் இன்டர்சிட்டி வண்டி இருக்கிறது. பகல் முழுதும் பயணத்திலேயே போவதால் ஓர் இரவு அங்கே தங்கித்தான் ஆக வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட்வரை தென்மேற்குப் பருவமழை, தவிருங்கள். பழைய கொச்சுவேலி நிலையத்தின் பெயர் இப்போது திருவனந்தபுரம் வடக்கு. டிக்கெட்டில் அந்தப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அடையாள அட்டை இல்லாமல் இங்கே ஒரு அடிகூட நகர முடியாது. விண்வெளி மையத்தின் விதிகள் கண்டிப்பானவை. எங்கே படமெடுக்கலாம், எங்கே கூடாது என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வித் தாளும் மாறும். இங்கே இரண்டு கேள்வி போதும். முதலாவது: ஏன் இந்த ஊர்? பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவுக்கு மிக அருகே போகிறது. அந்தக் கோட்டின் மேலே, தரையிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் உயரத்தில் வலுவான மின்னோட்டம் ஓடுகிறது. பலூன் அவ்வளவு உயரம் போகாது, செயற்கைக்கோள் அவ்வளவு தாழ வராது. நடுவில் உள்ள அந்த உயரத்தை அளக்க ஆய்வு ராக்கெட்தான் வழி.

இரண்டாவது: 1963-இல் கிளம்பிய ராக்கெட் பூமியைச் சுற்றியதா? பெரும்பாலான பிள்ளைகள் ஆம் என்பார்கள், கூட வரும் பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். சுற்றவில்லை. மேலே போய், அளந்து, கடலில் விழுந்தது. சொந்த ராக்கெட்டில் செயற்கைக்கோளைச் சுற்றவைத்தது 1980 ஜூலை 18-இல், எஸ்.எல்.வி.-3. உயரம் 22 மீட்டர், எடை 17 டன், சுமந்த செயற்கைக்கோள் சுமார் 35 கிலோ. பதினேழு டன்னில் முப்பத்தைந்து கிலோ. மீதி எடை எதற்கு என்று கேட்டுவிட்டு, அருங்காட்சியகத்தில் உள்ள ராக்கெட் மாதிரிகளின் முன் நிறுத்துங்கள். எரிபொருளையும், கழன்று விழும் அடுக்குகளையும் காட்டினால் ஏழரை கிலோமீட்டர் வேகத்துக்கு என்ன விலை என்று விளங்கிவிடும்.

11. ஊர் திரும்பிய வாரத்தில்

இரண்டு நாளுக்குள் தாள்களை வாங்கிப் பாருங்கள். தள்ளிப்போட்டால் மறந்துவிடும். விடை சரியா தவறா என்று மதிப்பெண் போடாமல், எந்தக் கேள்விக்கு யாரும் விடை எழுதவில்லை என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியை அடுத்த குழுவுக்கு மாற்றி எழுத வேண்டும், அல்லது அந்தப் பொருளுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

எடுத்த படங்களில் ஒரு விமானத்துக்கு ஒன்று என்று ஐந்தை மட்டும் அச்சிட்டு, பிள்ளைகள் கையால் பாகங்களின் பெயரைத் தமிழில் எழுதி வகுப்பில் ஒட்டச் சொல்லுங்கள். அருங்காட்சியகத்தில் விளக்கிச் சொன்னவருக்குப் பள்ளியின் பெயரில் நன்றிக் கடிதம் அனுப்புங்கள். பயணத்தில் கேட்க மறந்த கேள்விகளை அதிலேயே எழுதலாம். பயணத் தேதி, வண்டி, வாசலில் சொன்ன விதிகள், செலவுக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதித் தலைமையாசிரியர் அறையில் வைத்துவிடுங்கள், அடுத்த வருடம் கூட்டிப்போகும் ஆசிரியர் 3-ஆம் படியிலிருந்து தொடங்கினால் போதும்.